குளிர் மலையில் சாணிக் காஸ்

சாணிக் காஸ் குழி கட்டித் தரச் சொல்லி யாராவது வந்தால் முதலில் அவர்களுடைய மாட்டைத்தான் போய்ப் பார்ப்பேன். எத்தனை மாடு, கட்டிப்போட்டு வளர்க்கிறார்களா மேய விடுகிறார்களா, புல் அறுக்கப் போவது யார், அந்த ஆள் இன்னும் ஐந்து வருஷம் தேயிலைத் தோட்டத்தில் இருப்பாரா, கொழும்புக்குப் போகிற யோசனை ஏதும் உண்டா என்றெல்லாம் கேட்பேன். சீமெந்து, செங்கல் பேச்சு அதற்குப் பிறகுதான். "பாஸ் அண்ணே, குழியைப் பற்றிப் பேச வந்தா மாட்டைப் பற்றியே பேசுறீங்களே" என்று சில பேர் அலுத்துக்கொள்வார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கமும் மேலே லிந்துலை, அக்கரப்பத்தனை, கந்தப்பளை பக்கமும் இந்த வேலை செய்து பழகியவன் என்பதால் சொல்கிறேன்: அடுப்பு எரிவது குழியால் அல்ல, மாட்டால்.

எங்கள் மலைப்பக்கத்தில் பெரும்பாலும் ஃப்ரீசியன், ஜேர்சி கலப்பு மாடுகள்தான். பட்டியில் கட்டி, புல் அறுத்துப் போட்டு வளர்க்கும் ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 15 கிலோ சாணி போடும். இரண்டு மாடு என்றால் 30 கிலோ. அதே அளவு தண்ணீர் சேர்த்துக் கரைத்தால் நாளுக்கு 60 லீற்றர் குழிக்குள் போகும். வெக்கையான ஊரில் ஒரு கிலோ பச்சைச் சாணி 35 முதல் 40 லீற்றர் வரை காஸ் தரும். அப்படிப் பார்த்தால் 30 கிலோவுக்கு ஒரு கன மீற்றருக்குக் கொஞ்சம் மேலேயே வரவேண்டும். அதில் பத்தில் ஆறு பங்கு மீதேன், மிச்சம் பெரும்பாலும் கரியமிலவாயு. சூட்டுக் கணக்கில் ஒரு கன மீற்றர் சாணிக் காஸ் ஏறத்தாழ 450 கிராம் சிலிண்டர் காஸுக்குச் சமம். நாளுக்கு ஒரு கன மீற்றர் கிடைக்கிற வீட்டில் மாதம் ஒரு 12.5 கிலோ சிலிண்டர் மிச்சம்.

ஆனால் அது வெக்கையான ஊர்க் கணக்கு. எங்கள் ஊர் அப்படியில்லை.

நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். வருஷச் சராசரி வெப்பம் 16 பாகை அளவுதான். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலை புல்லின் மேல் பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும். சாணியைக் காஸாக மாற்றும் நுண்ணுயிர்கள் 35 பாகை வெப்பத்தில் நன்றாக வேலை செய்யும். 20க்குக் கீழே மந்தமாகிவிடும். 10 பாகையில் கிட்டத்தட்ட நின்றே போகும். ஆழத்தில் மண் பகலில் சூடேறி இரவில் ஆறுவதில்லை, அந்த இடத்தின் வருஷச் சராசரியை ஒட்டியே இருக்கும். அதனால் குழியைப் பூமிக்குள் புதைப்பது இரவுப் பனியிலிருந்து காப்பாற்றுமே தவிர, சூட்டைக் கூட்டித் தராது. நேபாளத்தில் 1992 முதல் பெரிய அளவில் குழி கட்டிய திட்டமும் இதே சிக்கலைச் சந்தித்தது. அங்கே பெரும்பாலான குழிகள் தராய்ச் சமவெளியிலும் உயரம் குறைந்த மலைகளிலும்தான் கட்டப்பட்டன.

குளிருக்கு மருந்து, சாணிக்கு நேரம் கொடுப்பது. கொழும்புப் பக்கம் சாணி குழிக்குள் 40 நாள் இருந்தால் போதும். நாங்கள் 80, 100 நாள் இருக்கிற மாதிரிக் கட்ட வேண்டும். அதாவது அதே இரண்டு மாட்டுக்குப் பெரிய குழி வேண்டும். ஹட்டன் பக்கம் இரண்டு மாட்டுக்கு 8 கன மீற்றர் குழியைச் சொல்வேன். "சின்னதாகக் கட்டினா செலவு குறையுமே" என்று கேட்பார்கள். குறையும்தான். சாணி பாதி வெந்த நிலையில் மறுபக்கம் வெளியே வந்துவிடும், காஸும் அதோடு வெளியே போய்விடும்.

இன்னும் சில வழிகள் இருக்கின்றன. இவற்றை மாடு வளர்க்கும் பெண்கள்தான் எனக்குக் கற்றுத்தந்தார்கள். காலையில் பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றிக் கரைக்கக் கூடாது, அது ஐஸ். கறுப்புப் பரலில் பிடித்து வெயிலில் வைத்து, மத்தியானத்துக்குப் பிறகு கரைத்து விட வேண்டும். மாட்டு மூத்திரத்தைக் காணில் ஓட விடாமல் சாணியோடு சேர்க்க வேண்டும். குழியின் தலைக்கு மேல் புல், இலை, சமையல் கழிவு எல்லாவற்றையும் போட்டுக் கூட்டெருக் குவியலாக வைத்தால் அது மக்கும் சூடு கீழே இறங்கும். மரக்கறிக்காரர்கள் போடுகிற பொலித்தீன் கூடாரத்தைக் குழியின் மேல் போட்டவர்களும் உண்டு. கந்தப்பளையில் ஒரு அக்கா பட்டியையே குழிக்குப் பக்கத்தில், மேல் சரிவில் கட்டச் சொன்னார். மூத்திரமும் சாணியும் சூடு ஆறுவதற்குள் குழிக்குப் போய்விடும் என்பது அவருடைய கணக்கு. அதற்குப் பிறகு சரிவு இடம் கொடுக்கிற எல்லா இடத்திலும் நான் அப்படித்தான் கட்டுகிறேன்.

எங்கள் மலைக்கு நான் சீன மாதிரிக் குழியைத்தான் கட்டுகிறேன். இந்திய மாதிரியில் மேலே மிதக்கும் இரும்பு டிரம் வரும். மஸ்கெலியா மூட்டத்திலும், காஸில் கலந்து வருகிற கந்தக வாயுவிலும் அந்த இரும்பு சீக்கிரமே துரு ஏறிவிடும். ஏக்கலையில் இருக்கிற தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வைக்கோலை ஒரே தடவையில் நிரப்பி மாதக்கணக்கில் காஸ் எடுக்கிற முறை ஒன்றை உருவாக்கியது. வயல் இருக்கிற ஊருக்கு அது நல்லது. எங்களுக்கு வைக்கோலுக்கு எங்கே போவது?

சீன மாதிரி முழுக்க மண்ணுக்குள் இருக்கும், செங்கல்லும் சீமெந்தும்தான். கவிழ்த்து வைத்த சிரட்டை மாதிரி ஒரு கூடு. நடுவில் முளை அடித்து, கயிற்றால் அளந்து அளந்து, பலகை எதுவும் முட்டுக் கொடுக்காமல் செங்கல்லை வட்டம் வட்டமாக உள்ளே சாய்த்துக்கொண்டு போக வேண்டும். ஒரு வட்டம் மூடினால் அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். இதில் கைத்திறன் இருக்கிறது, ஆனால் குழியின் உயிர் இருப்பது உள்பூச்சில். மணல் பூச்சு, அதற்கு மேல் வெறும் சீமெந்துக் கரைசல், மறுபடி பூச்சு, மறுபடி கரைசல், கடைசியில் மெழுகு. தண்ணீர் ஒழுகாத சுவரில் காஸ் ஒழுகும். வீடு கட்டிப் பேர் எடுத்த மேசன்மார் கட்டிய குழிகள் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். கூட்டின் கழுத்தில் மூடியை வைத்து, புற்றுமண்ணோ நல்ல களிமண்ணோ பிசைந்து அடைத்து, அதன் மேல் தண்ணீர் நிறுத்துவோம். தண்ணீரில் குமிழி வந்தால் ஒழுக்கு என்று அர்த்தம். தண்ணீர் வற்றினால் களிமண் வெடித்துவிடும். தினமும் அதைப் பார்ப்பது வீட்டுக்காரர் வேலை.

எந்த மாதத்தில் வெட்டுவது என்பதிலும் எங்களுக்குச் சுதந்திரம் கிடையாது. மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் ஹட்டன் பக்கத்துச் சரிவில் ஆறடி தோண்டும்போதே ஊற்று வந்துவிடும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வெட்டிக் கட்டி, ஏப்ரல் வெயிலில் முதல் சாணியை நிரப்புவதுதான் நல்லது. எரிகிற குழி ஒன்றிலிருந்து சில வாளி பழைய குழம்பைக் கொண்டுவந்து விதையாக ஊற்ற வேண்டும். அப்படியும் முதலில் வருகிற காஸ் பெரும்பாலும் கரியமிலவாயு, பற்றாது. அதைத் திறந்து விட்டுவிட வேண்டும். "பாஸ் ஏமாத்திட்டார்" என்று வீட்டில் ஒருவர் முணுமுணுக்கிற நாட்கள் அவை. பிறகு ஒரு நாள் நீலச் சுடர் வரும்.

சரிவில் குழி வெட்டுகிறவன் மண்ணைப் பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் லயங்களோடு மலை சரிந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த இடத்தில் நான் மண்வெட்டி போடுவதில்லை. கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் அதே பதில்தான்.

இன்னொரு விஷயத்தைச் சத்தமாகவே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருந்த குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து வைத்துவிட்டேன், இப்போது காற்று வந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. கந்தக வாயுவை மூக்கு முதலில் அழுகின முட்டை நாற்றமாகப் பிடிக்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. ஆளும் விழுந்துவிடுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார். உள்ளே சுத்தம் செய்ய வேண்டுமென்றால் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். வெளியே நின்று முழுக்க இறைத்து, காற்று ஏற்றி, கயிறு கட்டிய பிறகே அவரும் இறங்குவார். வாயில் பீடியோடு குழிப்பக்கம் போகாதீர்கள்.

இலங்கையில் இந்தக் குழிகள் 1970களிலிருந்தே கட்டப்படுகின்றன. ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். 1996 அளவில் கணக்கெடுத்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குதான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மேசன் சரியில்லை, பராமரிக்கத் தெரியவில்லை என்று காரணம் சொன்னார்கள். பிறகு பயிற்சி வந்தது. பிரக்டிக்கல் அக்‌ஷன் போன்ற அமைப்புகள் பழைய குழிகளைத் திருத்தி, மேசன்மாரைப் பழக்கின. கட்டுகிற தரம் நிச்சயமாகக் கூடியிருக்கிறது. ஆனால் தோட்டப்பக்கம் செத்துக் கிடக்கிற குழிகளைத் திறந்து பார்க்கப் போகும்போது, பாதி இடங்களில் குழியில் ஒரு குறையும் இருப்பதில்லை. பட்டி காலியாக இருக்கும்.

மகளுக்குக் கல்யாணம், மாட்டை விற்றார்கள். மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான், அம்மாவால் புல் சுமக்க முடியவில்லை. பசுவுக்கு மடிவீக்கம், பிறகு பாலே இல்லை. ஒரு மாதம் சாணி போடாவிட்டால் அடுப்பு அடங்கும். குழம்பு வற்றிக் கூடு காய்ந்தால் பூச்சு வெடிக்கும். அதற்குப் பிறகு வேறு மாடு வாங்கினாலும் யாரும் குழியைத் தொடுவதில்லை. பக்கத்து லயத்தில் "சாணிக் காஸ் சரிவராது" என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிடும்.

மடிவீக்கம் என்றதும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கால்நடை வைத்தியர் அதற்கு ஊசி போடுகிறார், நல்லது. அந்த மருந்து சாணியோடு குழிக்குப் போனால் உள்ளே இருக்கிற நுண்ணுயிர்களும் சாகும். அந்த மாட்டின் சாணியை மருந்து முடியும் வரையும், அதற்குப் பிறகு சில நாளும் தனியாக எருக்குழியில் போட வேண்டும். பட்டி கழுவுகிற சவர்க்காரத் தண்ணீர், பிளீச்சிங் பவுடர் எதையும் குழிக்குப் போகிற காணில் விடக் கூடாது. குவாத்தமாலாப் புல்லின் தடித்த தண்டு சாணியோடு போனால் குழிக்குள் மேலே மிதந்து பாய் மாதிரி ஆடை கட்டும், அதைக் கையால் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் நான் வீட்டு ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகளில் குழி அடிக்கடி நின்றது. அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் சொல்லிக்கொடுத்த வீடுகளில் நிற்கவில்லை. சாணி அள்ளுவது அவர்கள், அடுப்பு அவர்களுடையது, சுடர் மஞ்சளானாலும் தாழ்ந்தாலும் முதலில் பார்ப்பது அவர்கள். பயிற்சிக்குக் கூப்பிடுகிற கடிதம் மட்டும் இன்னும் வீட்டுத் தலைவர் பேருக்கே வருகிறது.

விறகைப் பற்றிச் சொல்லாமல் இந்த வேலையின் அருமை புரியாது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற வருஷம் மலையில் மிலாறுக் குச்சி கிடைக்கும். மற்ற வருஷங்களில் காட்டோரம் போக வேண்டும். அட்டை, குளவி, சில இடங்களில் சிறுத்தை. கொழுந்து எடுத்து வந்த முதுகில் மறுபடி ஒரு கட்டு. அந்த விறகு மழைக்காலத்தில் நனைந்து, பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை ஒட்டிய அடுப்படியில் புகைந்து, குழந்தைகள் இருமும். வீட்டுப் புகையால் உலகத்தில் வருஷத்துக்கு 32 லட்சம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்குக் கணக்குச் சொல்கிறது. லயத்தில் பிறந்த எனக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை.

ஆனாலும் குழி கட்டியதும் விறகடுப்பை உடைத்துவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. வெளியிலிருந்து வருகிற அதிகாரிகள் விறகடுப்பு இன்னும் எரிவதைப் பார்த்தால் திட்டம் தோல்வி என்று எழுதிவிடுகிறார்கள். அக்கரப்பத்தனைக் குளிரில் அந்த அடுப்பு சமைப்பதற்கு மட்டுமல்ல. அதன் பக்கத்தில்தான் பெரியவர்கள் குளிர் காய்கிறார்கள், பள்ளிக்கூடச் சட்டை காய்கிறது, நாளைக்கு எரிக்கும் விறகு காய்கிறது. சாணிக் காஸ் காப்பாற்றுவது காலை நேரத்தை. பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போகும் முன் தேத்தண்ணி வைக்க, ரொட்டி சுட, பிள்ளைக்குப் பால் காய்ச்ச, திருகினதும் சுடர் வேண்டும். குளிர்காலத்தில் இரண்டு மணி நேரச் சுடர் கிடைத்தாலும் அந்த வேலை முடிந்துவிடும். விறகுக்கட்டு பாதியாகக் குறைவதே பெரிய காரியம். மாரியம்மன் பொங்கலுக்கும் விறகடுப்புத்தான். கக்கூஸ் குழாயைக் குழியோடு சேர்த்தால் காஸ் கூடும் என்று புத்தகம் சொல்கிறது. எங்கள் வீடுகளில் அதை ஏற்கமாட்டார்கள், நானும் வற்புறுத்துவதில்லை.

2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய் ஆனது. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை, ஹட்டன் டவுனில் வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையில் கிடந்தன. அதுவரை சாணி நாற்றம் என்று முகம் சுளித்தவர்கள் குழி கேட்டு வந்தார்கள். அப்போது சீமெந்தும் விலையேறிக் கிடந்தது, பல பேருக்குக் கட்டிக்கொடுக்க முடியவில்லை. ஏற்கனவே குழி இருந்த வீடுகளில் அடுப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினபோது, மூலையில் கிடந்த காஸ் லாம்புகளுக்குப் புது மேண்டில் கட்டிக் கொளுத்தினார்கள். அந்த லாம்பு மணிக்கு 100 முதல் 150 லீற்றர் காஸ் குடிக்கும், அதிகமும் சூடாகவே வீணாகும். கரண்ட் இருக்கிற நாளில் வெளிச்சத்துக்குச் சாணிக் காஸைச் செலவழிப்பது வீண். இல்லாத நாளில் பிள்ளைகள் படிக்க அது உதவியது.

அதற்கு முந்தின வருஷம், 2021 மே மாதம், இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. நவம்பரில் தடையை எடுக்கும் வரை தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் அறிவார்கள். அந்த மாதங்களில் குழியிலிருந்து வெளியே வருகிற குழம்பைக் கேட்டு அயல் வீட்டார் வாளியோடு வந்தார்கள். காஸ் போன பிறகும் சாணியின் தழைச்சத்து பெரும்பாலும் அந்தக் குழம்பிலேயே நிற்கும். நாற்றம் குறைவு, ஈ மொய்ப்பது குறைவு. லீக்ஸ், கரட், பீட்ரூட் பாத்திக்கு அதை ஊற்றுகிற வீடுகளில் காஸ் குறைந்த மாதத்திலும் குழிக்குச் சாணி போடுவதை விடுவதில்லை. அடுப்பு மறந்தாலும் பாத்தி மறக்காது. அதனால் இப்போது மரக்கறிப் பாத்தி இல்லாத வீட்டுக்குக் குழி கட்ட நான் தயங்குகிறேன்.

பாத்தி, பட்டி, குழி மூன்றுக்கும் நிலம் வேண்டும். எங்கள் மக்களுக்கு இல்லாதது அதுதான். லயம் அவர்களுடையது அல்ல, லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு மண்ணும் அவர்களுடையது அல்ல. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. ஆறடிக் குழி வெட்ட வேண்டுமானால் தொரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், எழுதிக் கேட்க வேண்டும். சில தோட்டங்களில் நல்ல மனதோடு அனுமதிக்கிறார்கள். சில இடத்தில் மாதக்கணக்கில் பதில் வராது, அதற்குள் வறண்ட மாதம் போய்விடும். ஒரு தொரை தந்த அனுமதி அடுத்த தொரை வந்ததும் நிற்குமா என்ற பயம் வேறு. இருபது வருஷத்துக்கு மேல் நிற்கக்கூடிய ஒன்றை, நாளைக்கு யாருடையது என்று தெரியாத மண்ணில் கட்டச் சொல்லி ஒரு குடும்பத்தை நான் எப்படித் தைரியமாகக் கேட்பது?

புது வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் 550 சதுர அடி வீடும் வந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். சில திட்டங்களில் 10 பேர்ச் என்று பேசப்படுகிறது. நான் பார்த்த வரைபடங்களில் வீடு இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, மாட்டுக்கு இடம் இல்லை. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் வீடு போக, சரிவில் கீழ்ப்பக்கமாக ஒரு பட்டிக்கும் ஒரு 8 கன மீற்றர் குழிக்கும் ஒரு பாத்திக்கும் இடம் ஒதுக்க முடியும், முதலிலேயே கோடு போட்டால். வீடு கட்டி முடிந்த பிறகு நான் போய் நின்றால், குழி வெட்ட அஸ்திவாரத்தை ஒட்டித்தான் இடம் மிஞ்சியிருக்கிறது. அங்கே வெட்டக் கூடாது.

வீட்டுத் திட்டத்தின் வரைபடம் போடுகிறவர்களுக்கும், காணி உறுதி பேசுகிற தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் என் கோரிக்கை இதுதான்: அடுத்த வரைபடத்தில் பட்டிக்கும் குழிக்கும் இடம் குறியுங்கள், அந்த நிலத்துக்கு உறுதியைக் குடும்பத்தின் பெண் பேரிலும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். குழியைக் கட்டிக்கொடுக்க மலையகத்தில் கை தெரிந்த மேசன்மார் இருக்கிறோம்.